பூங்கொடிக்குக் குல்லா போட்டது

1

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். அப்புறம் மற்றவர்கள் வாங்க எதுவும் மிஞ்சாது. நார்வேக்கு வந்த இரண்டாம் வருடம், எங்கள் ஊர் நூலகக் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாளை நம்பி, வேலைநிறுத்தக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டு பின்னல் கூட்டத்துக்குப் போனவன் நான்.

தாளில் 'ஸ்ட்ரிக்கெகஃபே' என்று போட்டிருந்தது. பின்பாதி காப்பி என்பது தெரியும். முன்பாதி 'ஸ்டிரைக்' என்று முடிவு கட்ட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. நாமக்கல்லில் படித்த காலத்தில் உண்டியல் குலுக்கியவன், வாயிற்கூட்டங்களில் மைக் பிடித்தவன். இங்கே மீன் கம்பெனியில் குளிர்சாதன எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை; அதாவது மீன் கெடாமல் இருக்க நான் விறைக்க வேண்டும். ஷிப்டை மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வாரம் அது. சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, கண்ணாடி முன் இரண்டு வாக்கியம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன்.

உள்ளே வட்டமாகப் பெண்கள். நடுவில் கேக். வெள்ளி முடி வைத்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான் உங்களோடு நிற்கிறேன்" என்றேன்.

"உட்கார்ந்தே செய்யலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எப்போது தொடங்குகிறோம்?"

"இப்போதே."

"நம்முடைய திட்டம் என்ன?"

"இரண்டு நேர், இரண்டு கோணல்" என்று சொல்லி, என் கையில் இரண்டு ஊசிகளைக் கொடுத்தார்.

இதைவிடச் சுருக்கமான கட்சித் திட்டத்தை நான் படித்ததில்லை. அந்த அம்மாளின் பெயர் பெரித், படகுத்துறையில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பக்கத்தில் இருந்த கமலா அக்கா யாழ்ப்பாணம். அவருக்கு மட்டும் விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. குனிந்து, "தம்பி, நீர் ஸ்ட்ரைக் எண்டு நினைச்சுத்தானே வந்தனீர்? பரவாயில்லை, இரும். கேக் நல்லாயிருக்கு" என்றார்.

இருந்துவிட்டேன். ஏழு வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் இருக்கிறேன். இத்தனை காலத்தில் நான் பின்னியதெல்லாம் கழுத்துத் துண்டுகள்தான். அதில் வளைவு கிடையாது, முடிவும் கிடையாது. எங்கே நிறுத்தினாலும் துண்டு. குல்லா என்பது வட்டம். வட்டத்தை ஓர் இடத்தில் மூடியாக வேண்டும். அந்தப் பொறுப்புக்கு நான் போனதே இல்லை, போன கார்த்திகை வரைக்கும்.

2

பூங்கொடி என் ஒரே தங்கை. கொல்லிமலையில் வாசலூர்பட்டிப் படகுத்துறைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறாள். அவள் கணவர் சந்திரனுக்கு வாழவந்தி நாட்டில் மிளகும் கொஞ்சம் மரவள்ளியும். ஆடியில் மார்பில் ஒரு கட்டி. ஆவணியில் அதற்குப் பெயர் வைத்தார்கள். புரட்டாசியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை சேலத்துக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு, அன்றைக்கே பஸ்ஸில் மலையேறி வருகிறாள்.

அந்த மலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நல்ல வயிறுள்ளவனுக்கே பாதி வளைவில் போன ஜென்மத்துச் சோறு வெளியே வரும். மருந்து ஏற்றிக்கொண்ட உடம்போடு அதில் ஏறுகிறவளின் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை போய்விட்டு வந்த மறுநாள் போனில் சொன்னாள்:

"ஏனுங்ணா, கொண்டையே இல்லாதவளுக்கு எதுக்குங்ணா அத்தன கொண்டை ஊசி?"

அப்படித்தான் அவளுக்கு முடி கொட்டிவிட்டது என்பது எனக்குத் தெரியவந்தது. எங்கள் குடும்பத்தில் வேடிக்கையாகப் பேசுகிறவன், எழுதுகிறவன் என்ற பெயர் எனக்குத்தான். அன்றைக்கு அந்தப் பெயரை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அவளே தொடர்ந்தாள். "தலையில துண்டக் கட்டீட்டுக் கடையில நின்னா, மெட்ராஸ்ல இருந்து பைக்குல வார பசங்க, 'அக்கா, எந்தக் கோயிலு வேண்டுதலு'ங்கறாங்க. பழனின்னு சொல்லிப்போட்டேன். நாளைக்கு வேற பசங்க வந்தா திருப்பதிம்பேன்."

"மங்கி கேப் போட்டுக்கோ கண்ணு. பனி வேற."

"போட்டுப் பாத்தேனுங்ணா. மண்ட பூரா எரியுது. முள்ளுப் பொதர்ல தலைய உட்டாப்ல இருக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்கூரு ஆடெல்லாம் மெத்துன்னு இருக்குமாமா. நீங்களும் ஊசி வெச்சுப் பின்றீங்களாமா, யாழினிப் புள்ள சொன்னா. இத்தன வருசமா தைக்கு வாரேன், சித்திரைக்கு வாரேன்னு எனக்குக் குல்லா போட்டீங்கள்ல. இப்ப நெசமாலுமே ஒரு குல்லா போடுங்ணா."

"என்ன கலர் வேணும்?"

"மொளகு பழுக்கறப்ப ஒரு செவப்பு வருமே, அது. கருப்பு வேண்டாம். முடின்னு நெனச்சு நானே ஏமாந்துருவேன்."

குல்லா எதற்கு, நேரில் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன், குடியேற்ற அலுவலகத்தில். இந்த நாட்டில் வசிப்பதற்கு எனக்கொரு அட்டை உண்டு. அதன் காலம் முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது. புது அட்டை வருமுன் நாட்டை விட்டுப் போகத் தடையில்லை. திரும்பி உள்ளே வருவதற்குத்தான் உத்தரவாதம் இல்லை. மனைவி, மகள் இருவரின் அட்டைகளும் என் அட்டையில்தான் தொங்குகின்றன. நான் வெளியே மாட்டிக்கொண்டால் வேலை போகும். வேலை போனால் என் அட்டை போகும். அதோடு அவர்கள் இருவரும் இறங்க வேண்டியதுதான். மகள் யாழினி ஆறு வயதில் இங்கே வந்தவள். இப்போது பதினைந்து. கனவில்கூட அவள் தமிழ் பேசுவதாகத் தெரியவில்லை.

அலுவலகத்துக்குப் போன் செய்வதும் அவள்தான். என் நார்வேஜிய மொழி போன் கம்பியில் போகும்போதே உடைந்துவிடும். வெகுநேரம் காத்திருந்து, பேசி, வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க கேஸ் பெஹான்ட்லிங்ல இருக்காம்பா."

'பெஹான்ட்லிங்' என்றால் பரிசீலனை. வைத்தியத்துக்கும் அதே சொல்தான்.

"அத்தையும் பெஹான்ட்லிங்லதானே இருக்காங்க?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. சந்தேகம்.

"ஆமா. ரெண்டும் எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது" என்றேன்.

3

வியாழக்கிழமை விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தேன். குத்தாத நூல், மிளகுப் பழச் சிவப்பு. பெரித் யோசித்துவிட்டு, "மிளகு கறுப்புதானே?" என்றார். கொடியில் பச்சையாகத் தொங்கி, பழுக்கையில் சிவந்து, பறித்துக் காயவைத்த பிறகுதான் கறுக்கும் என்று சொன்னேன். "அப்படியென்றால் நாங்கள் இதுவரை பார்த்ததெல்லாம் அதன் பிணத்தையா?" என்று கேட்டார். நான் பேச்சை நூலுக்குத் திருப்பினேன். அந்த வாரம் அந்தச் சொல் வேண்டாமே என்றிருந்தது.

சனிக்கிழமை பெரித், கமலா அக்கா, நான் மூன்று பேரும் நூல் கடைகளுக்குக் கிளம்பினோம். மழை. இந்த ஊரில் மழை பெய்தது என்று எழுதுவது, ஊர் இருந்தது என்று எழுதுவதற்குச் சமம்.

முதல் கடை துறைமுகத்துக்குப் பின்னால். கதவைத் திறந்ததும் ஈர ஆட்டு வாடை. கமலா அக்கா மூக்கைப் பொத்தாமல் சமாளித்தார். இவர்கள் கம்பளி நூலை விரலால் தொட்டுப் பார்த்து வாங்குவதில்லை, கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். பெரித் ஒரு சிட்டம் நூலை எடுத்துக் கழுத்தில் தேய்த்து, "குத்தவில்லை" என்றார்.

"கழுத்து வேற, மண்டை வேற" என்றார் கமலா அக்கா.

இருவர் பார்வையும் மெல்ல மேலே ஏறி, என் தலையில் போய் நின்றது. முப்பத்திரண்டு வயதில் முடி கைவிட்ட தலை அது. பெண் பார்க்கும் படலம் முதல் பாஸ்போர்ட் படம் வரை எங்கும் எனக்கு உதவாத அந்த வழுக்கைக்கு அன்றைக்குத்தான் ஒரு சமூகப் பயன் வந்தது. குனிந்தேன். தேய்த்தார்கள்.

"எப்படி?"

"தேங்காய் நார்."

"இது?"

"பாத்திரம் தேய்க்கலாம்."

கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் தங்கள் சிட்டங்களையும் கொண்டுவந்து, தயக்கத்தோடு, என் தலையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். கேட்டதே பெரிய மரியாதை.

இரண்டாவது கடையில் எல்லாம் வெண்ணெய் மாதிரி இருந்தன. என் மண்டை முதல் தொடுதலிலேயே சம்மதித்தது. ஆனால் நிறங்கள்! மூடுபனிச் சாம்பல், கடல் சாம்பல், பாறைச் சாம்பல், சாம்பல். சிவப்பு என்று கேட்டதற்கு, துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் ஒன்றை நீட்டினார்கள். "இதுவே வடிவுதானே, வாங்கும் தம்பி. சுகமில்லாத பிள்ளை நிறம் பார்த்துக்கொண்டிருக்குமோ?" என்றார் கமலா அக்கா. பார்க்கும் அக்கா, என்றேன். இந்த ஒன்றைத்தான் கேட்டிருக்கிறாள்.

மூன்றாவது கடை ஒரு தீவில். படகில் போனோம். கடையை நெருங்கும்போதே கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சிவப்பு தெரிந்துவிட்டது. ஒரு குழந்தைச் சட்டை, காட்சிக்கு மாட்டியது. பச்சை முழுதும் போய், அடர் சிவப்பு இன்னும் வராமல், நடுவில் நாலைந்து நாள் மட்டும் ஒரு நிறம் நிற்குமே, அதுவேதான்.

உள்ளே போய் அந்த நூல் கேட்டேன். இல்லை. சாயம் போட்டவர் தொழிலை விட்டுவிட்டார். அந்தச் சட்டையையே விலைக்குக் கேட்டோம். கடைக்காரப் பெண் மறுத்துத் தலையாட்டிவிட்டார். விற்பனைக்கு இல்லை, தன் மகள் பிறந்தபோது பின்னியது. கமலா அக்கா தன் யாழ்ப்பாண நார்வேஜியத்தில் பேரம் பேசினார். பெரித் வேறு சிவப்பைத் தேடினார். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி, குரலை உயர்த்தி, "என் தங்கைக்கு முடி இல்லை. கேட்கிறதா? முடியே இல்லை!" என்று கத்தினேன். கத்தியது எனக்கே கேட்டது. ஐம்பது வயது ஆள், நூல் கடையில்.

அந்தப் பெண் போய், மாட்டியிருந்த சட்டையைக் கழற்றி, ஒரு முறை மடித்து, என் கையில் வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார்.

திரும்பும் படகில் கமலா அக்கா கேட்டார்: "தம்பி, அங்கே நீர் என்ன சொன்னீர் எண்டு தெரியுமோ?"

"முடி இல்லைன்னு சொன்னேன்."

"முடிக்கு 'ஹோர்'. நீர் 'ஹோப்' எண்டெல்லோ சொன்னனீர். நம்பிக்கை. தங்கச்சிக்கு நம்பிக்கையே இல்லை எண்டு கத்தினீர்."

"அப்பவே திருத்தியிருக்கலாமே அக்கா?"

"திருத்தியிருந்தால் சட்டை கிடைச்சிருக்காது." ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, "பொய் எண்டால் திருத்தியிருப்பன்" என்றார்.

பெரித் சட்டையின் ஒரு முனையைப் பிடித்துப் பிரிக்கத் தொடங்கினார். என் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, பிரிகிற நூலை அவற்றில் சுற்றினார்கள். கைது செய்யப்பட்டவன் மாதிரி கரை சேரும்வரை உட்கார்ந்திருந்தேன். பின்னலிலிருந்து பிரிந்த நூல் நேராக வராது. சுருள் சுருளாக நெளிந்து வரும். பூங்கொடிக்குச் சுருட்டை முடி. எண்ணெய் வைத்து எத்தனை இழுத்துப் பின்னினாலும் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் நெளிந்துவிடும். நான் என் கைகளைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். வேறு எங்கே பார்ப்பது, இரண்டும் கண்ணுக்கு நேரே நீட்டியிருக்கின்றன.

4

தலை அளவு வேண்டியிருந்தது. சந்திரனுக்குப் போன் செய்தேன்.

"டேப்பு இருக்குதுங்களா மாப்ள?"

"இருக்குதுங்க மச்சான். மரம் அளக்கற டேப்பு. தூக்கீட்டு வந்தா இவ என்னைய அடிப்பா. இருங்க, சாண்ல பாத்துச் சொல்றேன்." அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. பூங்கொடி, "பலா வாங்க வந்தவனாட்டம் தட்டிப் பாக்காதீங்க" என்றாள். பிறகு சந்திரன்: "ரெண்டரைச் சாணுங்க மச்சான். கரெக்டா இருக்குது."

என் கையை விரித்து மேஜையில் இரண்டரைச் சாண் அளந்தேன். பெரித்திடம் சென்டிமீட்டரில் சொன்னபோது, "சின்னத் தலை" என்றார். "எங்கள் மலைக்காரர்கள் மெலிந்தவர்கள்" என்றேன், இனவரைவியல் அறிஞன் மாதிரி.

இரண்டு நேர், இரண்டு கோணல். மதிய உணவு இடைவேளையில் மீன் கம்பெனி கேன்டீனில் பின்னினேன். பஸ்ஸில் பின்னினேன். உச்சியை மூடுகிற வித்தையைப் பெரித் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, மூன்று முறை பிரித்து நாலாவது முறை மூடினேன். யாழினி எட்டிப் பார்த்து, "அப்பா, இது உண்மையிலேயே குல்லா மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

பார்சல் அனுப்பிய அன்று அத்தையோடு வீடியோவில் பேசு என்று அவளை உட்கார வைத்தேன். நல்ல வாக்கியமாகச் சொல்ல வேண்டுமென்று அவள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. அட்சரம் பிசகாமல் சொன்னாள்:

"அத்தை, அப்பா உங்களுக்குக் குல்லா போட்டுட்டாரு!"

அந்தப் பக்கம் பூங்கொடி சிரித்தாள். சந்திரன் சிரித்தார். டீ குடிக்க வந்த யாரோ ஒரு ஆளும் சிரித்தார். "அது எப்பவும் போடறதுதான் சாமி!" என்று பூங்கொடி சொல்லிச் சிரித்து, சிரித்து, இருமல் வந்து, இருமல் நிற்காமல், படத்தில் கடையின் தகரக் கூரை தெரிந்தது. அப்புறம் தரை. போனை வைத்துவிட்டார்கள்.

"நான் என்ன தப்பாச் சொன்னேன்?" என்று யாழினி கேட்டாள்.

விளக்கிச் சொன்னேன். "அப்ப நீங்க ஏமாத்தினீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. வர முடியல."

"ரெண்டுக்கும் ஒரே சொல்லா?" என்று கேட்டுவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

5

மார்கழியில் ஸ்கேன் எடுத்தார்கள். சந்திரன் தனியாகப் போன் செய்தார். பின்னால் லாரிச் சத்தம். வீட்டிலிருந்து தள்ளி, ரோட்டுக்கு வந்து நின்று பேசுகிறார் என்று தெரிந்தது.

"மருந்த மாத்தறாங்களாமுங்க மச்சான். ஈரல்லயும் இருக்குதாமா."

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"பாக்கலாம்னாருங்க. எத்தன நாளைக்குன்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னாரு." லாரி கடந்து போகும்வரை காத்திருந்தார். "அவகிட்டச் சொல்லீராதீங்க. முடிஞ்சா சீக்கிரம் ஒருக்கா வந்துட்டுப் போங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு அலுவலகத்துக்கு நேரில் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் யாழினியைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். மிகவும் மரியாதையாகப் பேசினாள். 'ஹோர்', 'ஹோப்' இரண்டையும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். இம்முறை எந்தச் சொல்லும் பிசகாமல், தங்கை, நோய், ஈரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தாள். பெஹான்ட்லிங்கில் இருக்கிறது என்றாள். எத்தனை நாள் என்றேன். சொல்ல முடியாது என்றாள். சேலத்து டாக்டரும் இவளும் ஒரே பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

சரியாகப் பேசினால் ஒன்றும் கிடைப்பதில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. தீவில் தப்பாகச் சொன்னபோது கடையே இறங்கி வந்தது. திரும்பவும் வரிசையில் நின்று, தப்பாகச் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். மூன்று பஸ்களை விட்டுவிட்டேன்.

பார்சல் போய்ச் சேர்ந்தது. சுங்கத்தில் தூங்கி, நாமக்கல்லில் தூங்கி, கடைசியில் சந்திரன் மலையிறங்கிப் போய் வாங்கி வந்தார். வீடியோவில் கூப்பிட்டார்கள். கடையில் கூட்டமில்லை, பின்னால் பனி. புது மருந்தில் பூங்கொடியின் முகம் வீங்கியிருந்தது. உறையைப் பிரித்துக் குல்லாவை எடுத்து, முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மெத்துன்னு இருக்குதுங்ணா. கலரும் அதேதான்."

தலையில் வைத்தாள். இழுத்தாள். சந்திரன் ஒரு பக்கம் இழுத்தார். உச்சியில் தேங்காய் மூடி கவிழ்த்தது போல உட்கார்ந்தது. காதும் நெற்றியும் பின்மண்டையும் பனிக்கு விட்டது விட்டபடி இருந்தன. நான் என் கையைப் பார்த்தேன். அப்புறம் திரையில், குல்லாவை இழுத்துக்கொண்டிருந்த சந்திரனின் கையைப் பார்த்தேன். மரமேறி மிளகு பறிக்கிற கை. விரித்தால் அவள் முகத்தை முழுக்க மூடும். ரெண்டரைச் சாண், கரெக்டாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர் சாண்.

"பரவால்ல உடுங்க மச்சான், தொவச்சா லூசாயிரும்" என்றார் சந்திரன்.

"வேற பின்னி எடுத்துட்டு நானே வாரேன் கண்ணு" என்றேன். "தைக்குக் கண்டிப்பா வாரேன். கார்டு வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

பைக்கில் இரண்டு பையன்கள் வந்து நின்று டீ கேட்டார்கள். ஒருவன் பூங்கொடியின் தலையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் குல்லாவைக் கழற்றாமலே அடுப்பைப் பற்ற வைத்தாள். பாலை ஏற்றினாள். பிறகு போன் பக்கம் குனிந்து, கொஞ்சமும் கோபமில்லாமல், ஏதோ சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"குல்லா போடோணும்னா, மொதல்ல மண்டைய அளந்துட்டுப் போடோணுமுங்ணா."